திரைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை



மில்காரர்களின் விலைப்பட்டியலை நாம் இன்று கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம். ஆனால் அது நமக்கு வேண்டிய கணக்கில் இருப்பதில்லை. சர்க்கரை விலை குவிண்டாலுக்கு, வரி நீங்கலாக இருக்கும். நமக்கோ 50 கிலோ மூட்டைக்கு, 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து வேண்டும். பக்கத்தைத் திறந்ததும் இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டுவதற்கு யூசர் ஸ்கிரிப்ட் என்ற சிறு புரோகிராம் உதவும்.

இது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படுவது. நமது பிரவுசரில் தெரியும் பக்கத்தைத்தான் திருத்திக் காட்டும். மற்றவர் பார்க்கும் பக்கம் மாறாது. 2004-ல் ஏரன் பூட்மன் என்பவர் பயர்பாக்ஸ் பிரவுசருக்காகக் கிரீஸ்மங்கியை உருவாக்கினார். இன்று குரோமில் பலரும் வைத்திருப்பது டாம்பர்மங்கி.

செய்முறை எளிது. குரோமில் டாம்பர்மங்கியைச் சேர்த்து, அதன் விவரப் பக்கத்தில் யூசர் ஸ்கிரிப்டுகளுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு அதில் புதிய ஸ்கிரிப்ட் திறந்து, எழுதிச் சேமித்து, விலைப் பக்கத்தை மறுபடி திறந்தால் போதும். '4,200' என்பதில் உள்ள காற்புள்ளியை முதலில் நீக்கும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் 4 என்று மட்டும் படித்துவிடக்கூடும்.

ஸ்கிரிப்டின் தலைப்பில் 'மேட்ச்' என்றொரு வரி உண்டு. எந்தத் தளத்தில் அது ஓடலாம் என்பதை அந்த வரிதான் சொல்லும். அங்கே மில்காரரின் முகவரி மட்டுமே இருக்கட்டும். எல்லாத் தளமும் என்று இருந்தால், நமது பேங்க் பக்கத்தையும் அது படிக்கும். ஊர்பேர் தெரியாதவரிடம் கல்லாச் சாவியைக் கொடுப்போமா? 2005 ஜூலையில் கிரீஸ்மங்கியிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியாக ஓர் இணையதளம் நமது கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் படிக்க முடிந்தது. உடனே 0.3.5 என்ற பதிப்பை வெளியிட்டு அதை அடைத்தார்கள். ஆகவே, படித்துப் புரியாத ஸ்கிரிப்டை யார் கொடுத்தாலும் ஏற்ற வேண்டாம்.

நாம் பட்ட பாடு வேறு விதம். கடையில் கணக்கு எழுதும் தம்பி செய்து கொடுத்த ஸ்கிரிப்ட், குவிண்டால் 4,200 ரூபாயை மூட்டை 2,205 என்று சரியாகக் காட்டியது. ஒருநாள் மில்காரர் வரி சேர்த்தே 4,410 என்று போடத் தொடங்கினார். ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? மேலும் 5 சதவீதம் ஏற்றி 2,315 ரூபாய் 25 காசு என்றது. அதையே நாமும் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னோம். எவரும் சண்டைக்கு வரவில்லை. சர்க்கரையை வேறு கடையில் எடுத்தார்கள். நாலாம் நாள் ஒருவர்தான், "அண்ணாச்சி, மூட்டைக்கு நூறு ரூபாய்க்கு மேல் கூட இருக்கிறதே, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

இப்போது நமது ஸ்கிரிப்ட் முதலில் பட்டியலின் தலைப்பைப் படிக்கிறது. 'குவிண்டால், வரி நீங்கலாக' என்ற சொற்கள் இல்லாவிட்டால், கணக்குப் போடாமல் சிவப்பில் எச்சரிக்கை காட்டி நிற்கும். தினமும் காலையில் ஓர் அயிட்டத்தை நாமே கையால் கணக்குப் போட்டும் சரிபார்க்கிறோம்.

கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் பேரேட்டை முதலாளி ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். திரைக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அதுவே முறை.