அறுவை வாணிகமும் இன்முகமும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவின் குறையையும் உறையுளின் குறையையும் பிறர் அறியாவாறு மறைத்து வாழ்வார் பலர் உளர். உடையின் குறையோ தெருவிற் காலெடுத்து வைத்த அளவிலே வெளிப்பட்டுவிடும். ஆதலின், ஆண்டு முழுதும் சிறுகச் சேர்த்த பொருளோடு ஏழை ஒருவன் துணிக்கடையின் படியேறுவது மானங் காக்கும் முயற்சியே ஆகும். அங்கே அவன் பெறும் வரவேற்பு எத்தகையது, அது கெடுமாயின் கேட்டிற்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சொல்லும் பழமையும்

நெய்த நெடிய பாவினின்று துணிக்கப்பட்டமையின் 'துணி' என்றும், அறுக்கப்பட்டமையின் 'அறுவை' என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என வழங்கப்பெறுகின்றார். துணி அளந்த கையே அகநானூறு முதலிய தொகைநூல்களுக்குப் பாட்டும் அளித்தது என்பது மாணவர் மறத்தற்கில்லாத செய்தி. சிலப்பதிகாரம் மதுரை மாநகரில் அறுவை வீதி ஒன்று தனியே இருந்ததனையும், ஆங்குப் பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் ஆகிய ஆடைகள் அடுக்கடுக்காய் நிறைந்திருந்தமையையும் காட்டுகின்றது.

வாணிகர்க்கு உரிய அறத்தையும் அந்நூல்கள் கூறாமற் போகவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வாணிகர் விலையில் மிகுதி பெறாமலும் அளவிற் குறைவு செய்யாமலும் ஒழுகினர் என்கின்றது பட்டினப்பாலை. வாங்குவோன் பொருளையும் தன் பொருளென எண்ணி நடத்தலை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிகர்க்கு அறமாக வைத்தார். ஆனால் விலையும் அளவும் செம்மையாயிருந்தும், முகம் செம்மையாயிராவிடின் என் செய்வது? இதற்கு விடை காணவேண்டின் விருந்தோம்பல் அதிகாரத்துக்குச் செல்லல் வேண்டும். அனிச்சப்பூ முகர்ந்தால்தான் வாடும். வந்தவர் மனமோ முகம் மாறிய ஒரு பார்வைக்கே வாடிவிடும் என்பது ஆங்குள்ள கருத்து. விலை கொடுத்து வாங்க வருவோர் விருந்தினர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் அவரும் மனமுடையரே அன்றோ?

இவ்வூர்க் கடைத்தெருவில்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்டு மணிமுத்தாற்றங்கரையில் விளங்கும் விருத்தாசலம், இக்காலத்தே பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊராம். சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணி எடுக்க வருவது இவ்வூர்க் கடைத்தெருவுக்கே. கடந்த தீபாவளிக்கு முன்னர், எம் உறவினராகிய முதிய அம்மையார் ஒருவருடன் யாமும் ஒரு கடைக்குச் சென்றோம். கடையின் பெயர் ஈண்டு வேண்டுவதின்று.

"தம்பி, அந்தப் பச்சைப் புடைவையைக் கொஞ்சம் எடுத்துக் காட்டப்பா" என்றார் அம்மையார்.

"அது விலை கூடும், ஆயா. உங்களுக்கு ஆகிறது அந்தப் பக்கம் இருக்கு" என்று விற்பனை செய்த இளைஞர் கையை மட்டும் நீட்டினார், கண்ணைத் திருப்பவில்லை.

"காட்டுறதுக்குமாப்பா காசு?" என்று கேட்டுவிட்டு, முந்தானை முடிச்சை இறுகப் பற்றிக்கொண்டு அம்மையார் வெளியே நடந்தார். அம்முடிச்சில் அப்புடைவைக்கு வேண்டிய பணம் இருந்தது.

எமக்குச் சினம் மூண்டது. எனினும் அவ்விளைஞரை உற்று நோக்கிய அளவில் வேறொன்றும் புலனாயிற்று. இரவு மணி ஒன்பதை நெருங்கிற்று. அவர் ஒரு காலை மற்றொரு காலின்மேல் தேய்த்துக்கொண்டு, தோளை அலமாரியிற் சாய்த்து நின்றார். "காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்று வினவினோம். "ஒன்பதரைக்கு நின்னதுங்க" என்றார். யாம் வந்த நேரத்தை வினவ, அவர் நின்ற நேரத்தைக் கூறினார். அவர் நின்ற பக்கத்தில் ஓர் இருக்கையேனும் இல்லை. வாங்குவோர்க்கு மட்டும் மெத்தையிட்ட நாற்காலிகள் வரிசையாய்க் கிடந்தன.

அம்மையார்க்கு நேர்ந்த அவமதிப்பு இதனால் நியாயம் ஆகிவிடாது. ஆனால் நோய் நாடுவோர் நோய்முதலும் நாடுதல் வேண்டும்.

நிற்றலின் வரலாறு

நெடுநேரம் அசையாது நின்றால் குருதி கால்களிலே தேங்குகின்றது, பாதம் வீங்குகின்றது, நாளடைவில் நாளங்கள் புடைத்துச் சுருளுகின்றன, இடுப்பும் நோகின்றது. இவ்வருத்தத்தோடு நிற்பவரிடத்து நாள்முழுதும் புன்னகையை எதிர்பார்ப்பது எளிதன்று.

இதனை இங்கிலாந்து முற்பட உணர்ந்தது. அந்நாட்டில் 1899-ஆம் ஆண்டிலே, கடைகளிற் பணிபுரியும் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் அமைத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றினர். நம் நாட்டில் இவ்வுரிமைக்குக் குரல் எழுப்பியவருள் முதன்மையானவர் கோழிக்கோட்டுத் தையல் தொழிலாளியாகிய விஜி என்னும் அம்மையார். கடைகளிற் பணிபுரிந்த பெண்கள் ஒதுங்கக் கழிப்பறையும் இன்றித் துன்புற்றனர். அக்குறையை முன்னிட்டு எழுந்த 'பெண்கூட்டு' என்னும் அவர்தம் அமைப்பு, பின்னர் இருக்கும் உரிமையையும் வேண்டிப் போராடிற்று. அதன் பயனாகக் கேரள அரசு 2018-ஆம் ஆண்டில் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாடு 2021-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இதனைப் பின்பற்றியது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் புதுப்பிரிவு சேர்க்கப்பட்டது. பணியினிடையே வாய்ப்பு நேரும்போது அமர்தற்கு ஏற்ற இருக்கைகளை ஊழியர் அனைவர்க்கும் அமைத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். இச்சட்டமுன்வடிவைச் சட்டமன்றத்தில் வைத்தவர் அப்போது தொழிலாளர் நலத்துறை அமைச்சராயிருந்த சி. வெ. கணேசன்; அவர் இவ்வூர்க்கு அண்மையிலுள்ள திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினராய் இருந்தவர். சட்டம் அண்டையில் வாழ்ந்தவர் கையிலிருந்தே பிறந்தும், நாற்காலி நம் கடைத்தெருவின் எல்லாக் கடைகளுக்கும் வந்து சேராமை வியப்பே.

வாங்குவோர்க்கு உள்ள காப்பு

விற்போர்க்கு ஒரு சட்டம் உண்டாயினமை போல, வாங்குவோர்க்கும் ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஈடாக 2019-ஆம் ஆண்டின் புதுச்சட்டம் இயற்றப்பெற்று, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருட்கு ரசீது தர மறுத்தல் அதன்படி முறையற்ற வாணிகம் ஆகும். குறையுள்ள பொருளை, ரசீதிற் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடின் முப்பது நாளுக்குள்ளோ, திரும்பப் பெற்றுப் பணம் தர மறுத்தலும் அத்தகையதே. தையல் விட்ட சட்டையை மறுநாளே கொண்டுசென்றவரிடம் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்னும் அச்சடித்த வரியைச் சுட்டிக்காட்டும் கடைக்காரர், இதனை அறிதல் நலம். முறையீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமும், 1915 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளன.

ஆனால் புடைவையை எடுத்துக் காட்டாது முகந்திருப்பியவர்மீது எந்த ஆணையத்தில் வழக்கிடுவது? குறையுள்ள துணிக்கு மாற்று உண்டு. குறையுள்ள பார்வைக்கு மாற்று இல்லை. சட்டம் நாற்காலியைத் தரும்; இன்முகத்தைத் தருவது நம் கடன்.

மூவர் கடன்

விவிலியத்தில் யாக்கோபு எழுதிய நிருபம் இதற்கு மிகப் பொருந்துவதாகும். பொன்மோதிரமும் மினுக்கான ஆடையும் அணிந்து வந்தவனுக்கு நல்ல இருக்கை கொடுத்து, கந்தை அணிந்த ஏழையை நிற்கச் சொல்லும் சபையை அதன் இரண்டாம் அதிகாரம் கடிந்துரைக்கின்றது. உடை கண்டு மதிப்பதும், ஒருவர் இருக்க ஒருவர் நிற்பதும் ஆகிய இரு குற்றமும் அங்கே ஒருங்கே காட்டப்பட்டன. நம் துணிக்கடையிலும் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. கந்தை உடுத்தவர் அவமதிக்கப்படுகின்றார். அவமதிப்பவரோ தாமும் நாள்முழுதும் நிற்க வைக்கப்பட்டவர். இரு குற்றமும் ஒருங்கே தீர்ந்தாலன்றித் தீரா.

ஆகவே, முதலாளியின் கடன், இருக்கை இட்டு, அதில் அமர்ந்த ஊழியரைச் சோம்பேறி என்னாமை. ஊழியர் கடன், உடையைக் கொண்டு பணப்பையை அளவாமை. கேட்டதனைக் காட்டிய பின்னரே விலையைக் கூறுதல். வாங்குவோர் கடனும் சிறிதன்று. நாற்பது புடைவைகளை விரிக்கச் செய்து, ஒரு சொல்லும் சொல்லாது எழுந்து போவோரும், தந்தை வயதினரை 'ஏய்' என்று விளிப்போரும் நம்முள்ளே உளர்.

மாணவ நண்பர்காள்! களிமண் பச்சையாயிருக்கும்போதே அதன் நெளிவை எடுத்தல் கூடும். சூளையிலிட்ட பின் இயலாது என்பதனை இவ்வூர்த் தொழிலாளர் நன்கு அறிவர். பழக்கமும் அத்தகையதே. அடுத்த முறை துணி எடுக்கச் செல்லும்போது, கரையையும் சாயத்தையும் பார்ப்பதற்கு முன்னர், விற்பவர் பக்கத்தில் ஓர் இருக்கை உண்டா என்று பாருங்கள். இல்லையாயின், முதலாளியிடம் பணிவோடு கேளுங்கள். கல்லாவில் பணம் கொடுக்கும் நேரத்தில் கேட்கும் கேள்விக்குச் செவி கொடாத வாணிகர் இலர்.