சிக்கனமாகத் தோரணம் கட்டும் முறை

புரட்டாசி பிறந்தது முதல் கார்த்திகை தீபம் வரையில் நமது கிராமங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. நவராத்திரி, ஆயுத பூசை, தீபாவளி என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவற்றினிடையே அக்டோபர் 2ஆம் நாளும், 2022ஆம் ஆண்டு முதல் உள்ளாட்சிகள் தினமாகிய நவம்பர் 1ஆம் நாளும் கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. வீட்டு வாசலாயினும், ஊராட்சி மன்றக் கட்டடமாயினும், டிராக்டரும் ஏர்க்கலப்பையும் நிற்கும் கொட்டகையாயினும் இக்காலத்தில் தோரணமின்றி இருப்பதில்லை. இத்தோரணத்தை அதிகச் செலவின்றி, ஊரிலுள்ள பொருள்களைக் கொண்டே கட்டும் முறையைக் குறித்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

மேலைநாட்டினர் இதே பருவத்தில் காய்ந்த இலைகளையும் கதிர்களையும் வளையமாகக் கட்டித் தெருக்கதவில் தொங்கவிடுகின்றனர். நம்மிடையே மலர்வளையம் என்பது இறந்தோர்க்கு வைப்பது. அதனைப் பண்டிகை நாளில் வாசலில் மாட்டினால் வீட்டுப் பெரியவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். நமக்குத் தோரணமே தக்கது.

சில ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் மாவிலையும் பிளாஸ்டிக் செண்டுமல்லிச் சரமும் கடைகளில் தொங்குகின்றன. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும் என்று எண்ணியே மக்கள் அவற்றை வாங்குகின்றனர். ஒரு கோடை வெயிலில் நிறம் வெளுத்த பின் அவற்றை எவரும் மீண்டும் கட்டுவதில்லை. வாசலிலிருந்து குப்பைமேட்டிற்கும், அங்கிருந்து வாய்க்காலுக்கும் போய்ச் சேருகின்றன. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவது. அதாவது, ஆயுத பூசைக்குக் கட்டியதை அவிழ்த்து எறியும் நாளும் ஏரிக்கு நீர் வரத் தொடங்கும் நாளும் ஏறத்தாழ ஒன்றே. தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் கொடிகளும் உண்டு. 1-7-2022 முதல் நடப்பிலுள்ள மத்திய அரசின் தடையில் அலங்காரத்திற்கான தெர்மோகோலும் சேர்ந்துள்ளது. பிளாஸ்டிக் மாவிலை அப்பட்டியலில் இல்லையே என்று வாதிடுவோரும் இருக்கின்றனர். மதகிற்குப் பட்டியல் தெரியாது. எது வந்து அடைத்தாலும் அது அடைபட்டே போகும்.

ஆகவே இலையும் ஓலையும் பூவுமே சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை வெறுமனே கிடைப்பவை என்று நாம் எண்ணுவது சரியன்று. அவற்றின் செலவை மரம் ஏற்கிறது. எந்த மரத்தில், எந்தப் பகுதியை, எவ்வளவு எடுக்கலாம் என்பதை அறியாமல் வெட்டினால், கடையில் வாங்குவதைக் காட்டிலும் அதிக நட்டம் விவசாயிக்கே ஏற்படும்.

தென்னையை முதலில் எடுத்துக்கொள்வோம். நன்றாக வளர்ந்த நெட்டைத் தென்னை ஓர் ஆண்டில் சுமார் 12 ஓலைகளை, அதாவது மாதத்திற்கு ஒன்றாக, விடுகிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றுகிறது. விரிந்த ஓலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மரத்தில் நின்று காய்களுக்கு உணவு ஊட்டுகிறது. தோரணத்திற்காக நாம் வெட்டும் குருத்து, இனி விரிந்து அவ்வளவு காலம் உழைக்க வேண்டிய ஓலையேயாகும். இஃதோடு நிற்பதில்லை. புதிதாக வெட்டுப்பட்ட காயத்தின் மணத்தை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். மழைக்காலத்தில் குருத்தழுகல் நோய் பற்றுவதும் நடுக்குருத்திலேதான். காண்டாமிருக வண்டும் குருத்தையே துளைக்கிறது. ஆண்டுதோறும் பண்டிகைக்குப் பண்டிகை ஒரே மரத்தில் ஏறிக் குருத்தை வெட்டி வந்தால், காய்ப்புக் குறைந்ததற்கு உரத்தையும் நீரையும் குறை கூறுவதில் பயனில்லை.

அப்படியாயின் ஓலைத் தோரணமே கூடாதா? கூடும், சிறிது கணக்குப் பார்த்துச் செய்தல் வேண்டும். ஒரு தென்னை ஓலையில் சுமார் 200 கீற்றுகள் இருக்கும். அடியிலும் நுனியிலும் உள்ள சிறியவற்றைக் கழித்தாலும் 150 கீற்றுகள் தேறும். 3 அடி அகலமுள்ள வாசலுக்குச் சாண் இடைவெளிக்கும் குறைவாகவே தொங்கவிட்டாலும் 9 கீற்றுகள் போதும். ஆகவே ஒரே குருத்து 16 வாசல்களுக்குக் காணும். வீட்டுக்கு ஒரு குருத்து வெட்டும் தெருவில், தெருவுக்கு இரண்டே குருத்து என்று வைத்துக்கொண்டால் மரங்கள் பிழைக்கும். அக்குருத்தையும் காய்ப்பு ஓய்ந்த மரத்திலோ, வீடு கட்டவோ சாலை அகலப்படுத்தவோ அகற்றவிருக்கும் மரத்திலோ எடுப்பது நலம். காய்க்கும் மரத்தில்தான் எடுத்தாக வேண்டுமெனில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்; மழை பெய்யும் நாளில் வேண்டவே வேண்டாம். மரத்தில் ஏறியவர் இறங்குமுன், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்ததில் 150 கிராம் எடுத்து, உச்சியிலுள்ள மூன்று மட்டைகளின் கக்கத்தில் இட்டு வந்தால் காண்டாமிருக வண்டு அண்டாது. மரம் ஏறும் கூலி எப்படியும் கொடுக்கிறோம். இவ்வேலையையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பனங்குருத்தோலை தென்னையைவிடத் தடிப்பானது. காய்ந்த பின்னும் உருவம் கெடாது. ஆண் பனை நுங்கு தருவதில்லையாதலால் அதிலிருந்து ஓலை எடுப்பதே பொருத்தம். ஓலைக்காக மரத்தையே சாய்ப்போரும் முன்பு இருந்தனர். 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபடி, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனைமரத்தை வெட்டலாகாது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் நினைவிற்கொள்க.

மாவிலையைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. எனினும் சிறுவர்கள் 15 இலைகளுக்காக ஒரு கிளையையே முறித்து வருவதை நாம் ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம். மா பூப்பது கிளையின் நுனியில். புரட்டாசி, ஐப்பசியில் முற்றி நிற்கும் நுனிகளிலிருந்தே மார்கழி, தையில் பூங்கொத்து வெளிவரும். நுனியை ஒடித்தால் அந்த இடத்தில் அவ்வாண்டுக் காய் இல்லை. மரத்தின் உட்புறத்தில், நிழல்பட்ட தாழ்ந்த கிளைகளிலுள்ள முற்றிய இலைகளைக் காம்போடு ஒவ்வொன்றாகப் பறித்தால் மரத்திற்கு ஒரு குறையும் நேராது. முற்றிய இலையே வாடாமலும் நிற்கும்.

இனிக் கட்டும் முறை. கயிறு முக்கியம். நைலான் கயிற்றில் கட்டினால் பண்டிகை முடிந்ததும் இலையையும் கயிற்றையும் பிரிக்க எவருக்கும் பொறுமை இராது. இரண்டும் சேர்ந்தே வெளியில் போகும். வாழைநாரை ஒரு நாழிகை நீரில் ஊறவைத்து மூன்று புரியாக முறுக்கினால் வாசலுக்குப் போதிய வலிவுண்டு. நெடுந்தூரம் கட்ட வேண்டிய இடத்தில் தேங்காய்நார்க் கயிறு உதவும். மாவிலையின் அடிப்பகுதியைக் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, ஒரு விரல் நீள ஈர்க்குத் துண்டினால் குத்திவிட வேண்டும். இலைகள் ஒரே பக்கம் பார்த்திருத்தல் அழகு.

ஓலைக்கு வேலை சற்று அதிகம். குருத்தை முதல் நாள் மாலையில் இறக்கி, கீற்றுகளைப் பிரித்து, நீர் தெளித்த கோணிப்பையில் சுற்றி வைத்தால் மறுநாள் மடிக்கும்பொழுது முறியாது. கீற்றை ஒன்றரை அடி நீளத்திற்கு நறுக்கி, மேற்பகுதியில் நான்கு விரற்கடை விட்டு, கீழே ஈர்க்கை உருவி எடுத்து, ஓலையை நாடாக்களாகக் கிழித்து மடித்துச் செருகினால் குருவி உருவம் வரும். மங்கல நாளுக்குரிய தோரணத்தில் நான்கு குருவிகளும், துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்றும் வைப்பது வழக்கு. விவரம் அறியாத இளைஞர்கள் மூன்று குருவித் தோரணத்தைக் கட்டிவிட, பெரியவர்கள் அதை அவிழ்க்கச் சொல்வதும் உண்டு. இந்த மடிப்பை எழுத்தினால் கற்பிப்பது கடினம். பந்தல் வேலை அறிந்த முதியவர் ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார். அவர் எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ அவரைக் கொண்டு இளைஞர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் இதைக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். அவருக்குரிய கூலியைக் கொடுத்தே அழைக்க வேண்டும் என்பது நம் கருத்து. இலவசமாகக் கேட்டுக் கேட்டே பல கைத்தொழில்கள் அழிந்தன.

பூவுக்குத்தான் பணம் அதிகம் செலவாகிறது. ஆயுத பூசைக்கு முன்தினம் செண்டுமல்லி விலை ஏறுவது ஆண்டுதோறும் காண்பதே. ஆனால் நாற்றங்காலில் 30 நாள், நட்ட பின் சுமார் 60 நாள் என, விதைத்த மூன்று மாதத்தில் இது பூக்கும். ஆகவே ஆனிக் கடைசியில் விதைத்தவர் ஆயுத பூசைக்குத் தம் கொல்லையிலேயே பூப்பறிக்கலாம். 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 250 செடிகள் நிற்கும். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பல்கிப் பூ மிகும். நன்றாக முற்றிக் காய்ந்த பூக்களை எடுத்து வைத்தால் மறு ஆண்டிற்கு விதை வாங்கும் செலவும் மிச்சம். தக்காளி பயிரிடும் விவசாயிக்கு இன்னொரு பயனும் உண்டு: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லியை நாடி முட்டையிடும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் காய்ந்த பின்னும் நிறம் மாறாதவை. ஆயுத பூசைக்குக் கட்டியதைத் தீபாவளிக்கும் விட்டுவைக்கலாம். அரளியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். அதன் இலை, பூ, தண்டு யாவும் நஞ்சு. அவிழ்த்த தோரணத்தை மாட்டின் முன் போடும் வழக்கமுள்ள வீடுகளில் அரளியைத் தோரணத்தில் சேர்க்கவே கூடாது.

சொர்ணவாரி நெல் அறுவடை முடிந்திருக்கும் இக்காலத்தில் வைக்கோலுக்கும் கதிருக்கும் பஞ்சமில்லை. கதிர் முழுதும் முற்றி உதிருமுன், தாளோடு அறுத்து, தலைகீழாக நிழலில் ஐந்தாறு நாள் தொங்கவிட்டுக் காயவைத்தால் மணி உதிராது. பானை வைக்கும் பிரிமணையைப் போல் வைக்கோற்புரியை வளையமாகச் சுற்றி, அதில் கதிர்க் கொத்துகளை வாழைநாரால் நெருக்கமாகக் கட்டினால் பல வாரங்கள் நிற்கும் அலங்காரம் ஆகிறது. பூ இல்லாததால் இதனை எவரும் மலர்வளையம் என்று கொள்ளார். நிலைப்படிக்கு மேலே கதிர் கட்டுவது நமக்குப் பழக்கமானதே. சிட்டுக்குருவிகள் வந்து மணியைக் கொத்திச் செல்லுமாயின் செல்லட்டும். நகரத்தார் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். சுய உதவிக் குழுவினர் விற்க நினைத்தால், சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு ஓரிரு கூடைகளை எடுத்துச் செல்வதில் லாபம் வண்டிக்கூலியிலேயே கரையும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் போன்ற அண்மை ஊர்களில் தொடங்குவதே நல்லது.

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் கூறப்படுகிறது. ஏரியைப் போலவே தோட்டத்தையும் ஊர்ப் பொறுப்பாக அவர்கள் கருதினர். நமது ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேல்நிலைத் தொட்டியின் அருகே வீணாகும் நீர் பாயும் இடத்தில் ஐந்து சென்ட் நிலம் கிடைத்தால், இரண்டு மா, பத்து வாழை, வேலியாக நொச்சி, நடுவே செண்டுமல்லியும் வாடாமல்லியும் என வளர்த்து, ஊராட்சிக் கட்டடம், பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றின் அலங்காரத்திற்கு ஒரு காசும் செலவிடாமல் இருக்கலாம். ஏரிக்கரையின் வெளிச்சரிவில் 3 மீட்டருக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றவும் மழைக்கு முந்திய இம்மாதங்களே ஏற்றவை. நீர்வளத்துறை ஏரியாயின் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பண்டிகை முடிந்த பின் தோரணத்தை எருக்குழியில் சேர்க்கலாம். மாவிலை எளிதில் மட்காதாதலால் நறுக்கிப் போட வேண்டும். ஈர்க்குகளைத் துடைப்பத்திற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்பதை வார்டு உறுப்பினர் புரட்டாசி முதல் வாரத்திலேயே மரத்தின் உரிமையாளரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, மரம் ஏறுபவரிடமும் அன்றே நாள் சொல்லிவிடுதல் வேண்டும். ஆயுத பூசைக்கு முதல் நாள் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.