படம் போட்ட டீசேர்ட்: கழுவத் தெரிந்தால் காலம் கூடும்

இன்று நமது தோட்டங்களில் டீசேர்ட் இல்லாத காம்பரா கிடையாது. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்து நிறத்தில் ஒன்று, கிரிக்கெட் குழுவுக்குப் பேரும் இலக்கமும் போட்ட ஒன்று, தீபாவளிக்கு டவுனில் எடுத்த ஒன்று என்று கொடியிலே எப்போதும் இரண்டு மூன்று தொங்கும். வாங்கி நாலு மாதம் போனதும் நாம் சொல்வது என்ன? "துணி நல்லாத்தான் இருக்கு, படம்தான் போயிருச்சு."

ஒரு நல்ல டீசேர்ட் வாங்க ஒரு நாள் பேர் போய்விடுகிறது. சில நேரம் அதற்கு மேலும் போகும். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து உழைத்த காசு அது. துணி கிழியுமுன்னே படம் உரிந்து போனால், பிள்ளை அதைப் போட வெட்கப்படும். இன்னொன்று வாங்கச் சொல்லி அழும். ஆகவே படம் ஏன் போகிறது, அதைக் காப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். இதற்குப் புதிதாக எந்தச் சாமானும் வாங்கத் தேவையில்லை.

படம் துணியில் எப்படி நிற்கிறது?

முதலில் படத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூன்று வகை தெரியும்.

ஒன்று, ரப்பர் மாதிரி மேலே தடிப்பாக நிற்கும் படம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை வழியாக மையைத் தள்ளி இதை அச்சடிக்கிறார்கள். அந்த மை பெரும்பாலும் ஒரு வகை பிளாஸ்டிக். சுமார் 160 பாகை செல்சியஸ் சூடு காட்டியதும் அது இறுகித் துணியில் பிடித்துக்கொள்கிறது.

இரண்டு, தாள் மாதிரி ஒட்டிய படம். கிரிக்கெட் சேர்ட்டில் இருக்கும் பேர், இலக்கம் பல இந்த வகை. பசையும் சூடும் சேர்த்து ஒட்டியது என்பதால் ஓரத்திலிருந்துதான் முதலில் கிளம்பும்.

மூன்று, தடவினால் ஒன்றுமே தட்டுப்படாத படம். வழுவழுப்பான பொலியெஸ்டர் சேர்ட்டுகளில் இது அதிகம். சாயம் நூலுக்குள்ளேயே போயிருப்பதால் வெடிக்காது, உரியாது.

முதல் இரண்டு வகைக்கும் மூன்று எதிரிகள் உண்டு: சூடு, உரசல், முறுக்குதல். பீலிக் கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவது, அடுப்புக்கு மேலே காயப்போடுவது ஆகிய நான்கும் கம்பளிக்கும் சாக்குக்கும் பழகிய முறைகள். டீசேர்ட் பின்னல் துணி. அது இந்த அடியைத் தாங்காது.

கழுவும் முறை

1. புது டீசேர்ட்டில் அச்சடித்து ஒரு நாளாவது போன பிறகே தண்ணீரில் போடுங்கள். சிவப்பு, கறுப்பு, கடும் நீலத்தை முதல் இரண்டு மூன்று தடவை தனியாகக் கழுவுங்கள். வெள்ளைச் சீருடையோடு சேர்த்தால் சீருடையும் கெட்டுப் போகும்.

2. உள்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். ஒரு பாடம் மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். அப்போது உரசல் எல்லாம் துணிக்குப் போகும், படம் தப்பும்.

3. குளிர்ந்த தண்ணீர் போதும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தண்ணீரில் சலவைத் தூள் சரியாகக் கரையாது. ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் தூளை முதலில் கரைத்து, பிறகு வாளித் தண்ணீரில் கலக்குங்கள். தூளை நேரே துணிமேல் கொட்டினால் அந்த இடம் வெளுத்துவிடும்.

4. கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறினால் போதும். "ராத்திரி போட்டு விடிஞ்சதும் கழுவிக்கிறேன்" என்று விட்டால் சாயமும் இறங்கும், துணியும் நாறும்.

5. கையால் கசக்குங்கள். கழுத்து, கைமடிப்பு, அக்குள் பக்கம் அழுக்கு கூடுதலாக இருக்கும். அங்கே மட்டும் சவர்க்காரக் கட்டியை மெதுவாகத் தடவலாம். வெளுக்கும் குளோரின் வேண்டாம். அது சாயத்தையும் எடுக்கும், பஞ்சு நூலையும் பலவீனமாக்கும்.

6. சவர்க்காரம் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள். முறுக்காமல் அமுக்கிப் பிழியுங்கள். பழைய சாரம் ஒன்றில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் பாதித் தண்ணீரை அதுவே குடித்துவிடும்.

நம் தோட்டத்துக் கறைகள்

கொழுந்துச் சாறும் தேயிலைத் தண்ணீரும் பட்ட கறை காற்றுப் படப்படக் கறுக்கும். அன்றைக்கே தண்ணீரில் அலசினால் பாதி போகும். மிச்சத்துக்குக் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி தடவி, சில நிமிடத்தில் நன்றாக அலசிவிடுங்கள். அப்படியே வெயிலில் போட்டால் நிறமும் வெளுக்கும்.

அட்டை கடித்த இரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் கறை நூலில் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு சவர்க்காரம் போடுங்கள்.

மண்ணும் சேறும் பட்டால் உடனே தேய்க்க வேண்டாம். காயவிட்டு உதறிவிட்டுக் கழுவுங்கள்.

காயவைப்பது

கடும் வெயில் நிறத்தைக் குடிக்கும். உள்பக்கம் வெளியே இருக்கும்படியே, காற்றோட்டமான நிழலில் போடுங்கள். ஈர டீசேர்ட் பாரமாக இருக்கும். தோளில் தொங்கவிட்டால் தோளும் கழுத்தும் இழுபட்டுத் தொங்கும். நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள், அல்லது கீழ் ஓரத்தைப் பிடித்துக் கிளிப் போடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவ மழை. மார்கழி, தை என்றால் பதுளைப் பக்கம் வடகீழ் மழை. வெயிலே இல்லாத நாட்களில் அடுப்பு ஞாபகம்தான் வரும். ஆனால் அந்தச் சூட்டில் படம் இளகும், புகை பிடிக்கும், பொலியெஸ்டர் உருகும். விழுந்தால் லயத்துக்கே ஆபத்து. இஸ்தோப்பில் காற்று வரும் பக்கமாக, ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள். நாளானாலும் காயும். அரை ஈரத்தில் மடித்து வைத்தால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் புள்ளி லேசில் போகாது.

அயன் பண்ணுவது

160 பாகையில் இறுகிய படத்தின் மேல் பஞ்சுத் துணிக்கான 200 பாகைச் சூட்டை வைத்தால் என்னாகும்? இளகி அயன் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். கரி அயன் பெட்டியில் சூட்டை அளக்கவும் வழியில்லை. உள்பக்கமாகப் புரட்டி, மேலே ஒரு துணி போட்டு, குறைந்த சூட்டில், படம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அயன் பண்ணுங்கள்.

லேபலைப் படிப்போம்

1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலை அமைக்கும் திட்டம் வந்தது. நம் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் கார்மென்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். லேபலில் உள்ள அடையாளங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். லீவில் வரும்போது கேட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் 30 அல்லது 40 என்றால் தண்ணீரின் சூடு அதற்கு மேல் போகக்கூடாது. தொட்டிக்குள் கை போட்டிருந்தால் கையால் கழுவ வேண்டும். முக்கோணத்தின் மேல் குறுக்குக் கோடு என்றால் வெளுக்கும் மருந்து போடக்கூடாது. அயன் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி குறைந்த சூடு, மூன்று புள்ளி கடும் சூடு.

மிக முக்கியம்: மருந்து அடித்த உடுப்பு

பழைய டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு மருந்து அடிக்கப் போகிறவர்கள் உண்டு. டீசேர்ட் பாதுகாப்பு உடுப்பு ஆகாது. அது மருந்தை உறிஞ்சி உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். தரப்பட்ட பாதுகாப்பு உடுப்பைப் போடுங்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மருந்து அடித்த உடுப்பை அன்றைக்கே, கையுறை போட்டு, தனி வாளியில் கழுவுங்கள். பிள்ளைகளின் உடுப்போடு கலக்க வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு இரண்டு தடவை சவர்க்காரம் போடுங்கள். அந்தத் தண்ணீரைப் பீலிக்கும் ஓடைக்கும் தூரமாக ஊற்றுங்கள். இந்த உடுப்பை மட்டும் நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

பழைய டீசேர்ட் மெத்தென்று இருக்கும் என்பதால் பிள்ளைக்குத் தொட்டில் துணியாகவும் அணையாடையாகவும் கிழித்துக்கொள்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் மருந்து அடிக்கும்போது போட்ட துணி என்றால் எத்தனை தடவை கழுவியிருந்தாலும் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

யார் கழுவுவது?

மலையிலிருந்து வந்து, கொழுந்து நிறுத்து, விறகு சுமந்து, சமையலும் முடித்த அம்மாதான் இதையும் செய்ய வேண்டுமா? டீசேர்ட் போடுவதில் முக்கால்வாசிப் பேர் அப்பாமாரும் அண்ணன் தம்பிமாரும். இந்தப் பாடத்தில் பலம் தேவைப்படும் வேலை ஒன்றுமில்லை, பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். ஆளுக்கு ஆள் தன் டீசேர்ட்டைத் தானே புரட்டி, தானே கசக்கி, தானே கொடியில் போடட்டும். படமும் நிற்கும், அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

நம் கொடியில் இப்போது தொங்கும் டீசேர்ட்டில் எத்தனை உள்பக்கம் வெளியே இருக்கிறது? அடுப்புக்கு மேலே எத்தனை? மருந்து உடுப்புக்குத் தனி வாளி இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவும்போது எல்லோருமாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.