கரடிக்குத் தப்பினவர்களின் கேள்வி

வேதபாகம்: 1 சாமுவேல் 17:34-37, ஆமோஸ் 5:18-19, யோவான் 9:1-3



பட்டணத்துச் சபைகளில் இருக்கிற நமக்குக் கரடி என்பது பிள்ளைகளின் படப்புத்தகத்து மிருகம். வேதத்தை எழுதினவர்களுக்கு அப்படியல்ல. குட்டிகளைப் பறிகொடுத்த கரடியை அவர்கள் மூன்று இடங்களில் உவமையாக எடுக்கிறார்கள் (2 சாமுவேல் 17:8, நீதிமொழிகள் 17:12, ஓசியா 13:8). அந்நாளில் இஸ்ரவேலின் மலைகளில் பழுப்புக் கரடிகள் திரிந்தன. இன்று அத்தேசத்துக் காடுகளில் அவை இல்லை. நாங்கள் ஊழியம் செய்கிற சத்தீஸ்கரின் காட்டோரக் கிராமங்களிலோ கரடி இன்றும் பக்கத்து வீட்டுக்காரனைப்போல் இருக்கிறது.

இது நம் நீலகிரியிலும் உள்ள அதே கரடிதான். கறுத்த நீண்ட உரோமம், மார்பிலே வெளிறிய வளைவு. புற்றைத் தோண்டிக் கறையானைத் தின்பதற்கென்றே நீண்ட நகங்களைப் பெற்றது. மோப்பம் கூர்மை; கண்பார்வையோ மந்தம். மனிதன் மிக அருகில் வந்த பின்பே அதற்குத் தெரியவரும். அப்பொழுது அது ஓடுவதில்லை. பாய்ந்து முகத்திலும் தலையிலும் அறைகிறது. முதுகில் குட்டிகளைச் சுமந்து செல்லும் தாயானால் கேட்கவே வேண்டாம். 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை வட பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் மட்டும் 137 தாக்குதல்களை ஆராய்ச்சியாளர் பதிவு செய்தார்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே மஹுவா மரம் பூக்கிறது. நம் இலுப்பையின் இனம். இரவில் உதிரும் பூவைப் பொறுக்கி உலர்த்தி விற்றால்தான் பல வீடுகளில் கைச்செலவுக்குக் காசு. பிறர் வருமுன் போகவேண்டும் என்று பெண்கள் இருட்டோடே கூடையெடுத்துப் புறப்படுகிறார்கள். அந்தப் பூ கரடிக்கும் பிரியம். அதுவும் அதே நேரத்தில், அதே மரத்தடிக்கு வருகிறது. சிங்கத்துக்குத் தப்பி ஓடினவன் கரடிக்கு எதிர்ப்பட்டான் என்று ஆமோஸ் சொன்னது கர்த்தருடைய நாளைக் குறித்து. ஆனாலும் பசிக்குத் தப்ப ஓடிக் கரடியின் முன் நிற்கிறவர்களைப் பார்க்கிறபோது அந்த வசனமே எங்கள் நினைவுக்கு வருகிறது.

அவர்களைக் கட்டிலோடு கட்டித் தூக்கி வருவார்கள். காயத்தில் மஞ்சளோ சாணமோ அப்பியிருக்கும். முதலில் மூச்சுப்பாதையில் இரத்தம் இறங்காமல் பார்க்கவேண்டும். பின்பு காயத்தைச் சோப்புத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே தடுப்பூசியும் சீரமும், இசிவு நோய்க்கான ஊசியும் போடவேண்டும். கிழிந்து தொங்கும் தோலை வெட்டி எறியாமல் கொண்டுவந்தால் மருத்துவரால் பெரும்பாலும் அதைத் திரும்பத் தைத்துவிட முடியும். உயிர் பிழைக்கிறவர்களே அதிகம். பிழைத்தபின் கண்ணிமைக்கு ஒரு அறுவை, உதட்டுக்கு ஒரு அறுவை என்று ஆண்டுக்கணக்கில் நீளுகிறது.

ஒரு தாயார், நாற்பது வயதிருக்கும், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டே எங்களிடம் கேட்டார்கள்: "ஐயா, இது என் பாவத்துக்கா?" அந்தக் கேள்வியை அவர்களாக உண்டாக்கவில்லை. எலிசாவைப் பரியாசம் செய்தவர்களைக் காட்டிலிருந்து வந்த இரண்டு கரடிகள் பீறின சம்பவத்தை (2 இராஜாக்கள் 2:23-24) யாரோ ஒரு விசுவாசி அவர்கள் கட்டிலருகே நின்று சொல்லிப்போயிருந்தார்.

அந்த வேதபாகம் கடினமானது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது பெத்தேலில் ஒரு தீர்க்கதரிசியைத் தள்ளினவர்களைப் பற்றியது. பூப்பொறுக்கப்போன ஏழைப் பெண்ணைப் பற்றியதல்ல. பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றே நம் ஆண்டவர் விளங்கச்சொன்னார். அதன்பின் அவர் அவனுடைய கண்களைத் தொட்டார். அன்று அந்தத் தாயாருக்கு நாங்கள் வாசித்துக் காட்டினது இந்தப் பகுதியைத்தான்.

தாவீதின் கதையையும் நாம் சற்று நிதானமாக வாசிக்கவேண்டும். அவன் வீரத்தைக் காட்டக் கரடியைத் தேடிப் போகவில்லை. மந்தையில் ஒரு ஆடு அதன் வாயில் இருந்தது. அதைத் தப்புவிக்கப் பின்தொடர்ந்தான். தன்னைத் தப்புவித்தவர் கர்த்தர் என்று சவுலிடம் சாட்சி சொன்னான். அது தாவீதின் சாட்சி. காயப்பட்டவரிடம் போய், "உனக்கு விசுவாசம் இருந்திருந்தால்" என்று அளப்பதற்கு அது கொடுக்கப்படவில்லை. எங்கள் வார்டுக்கு ஜெபிக்க வருகிற வாலிபர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறோம். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், கண்ணைத் திருப்பாதீர்கள் என்றும் சொல்லுகிறோம்.

இப்போது பூக்காலத்துக்கு முன் கிராம ஜெபக்கூட்டங்களில், விடிந்தபின் போங்கள், கூட்டமாகப் போங்கள், சத்தமாய்ப் பேசிக்கொண்டே நடங்கள் என்று அறிவிக்கிறோம். வனத்துறை தருகிற இழப்பீட்டுக்கு மருத்துவச் சான்று எழுதிக் கொடுப்பதும் எங்கள் அலுவலக வேலைகளில் ஒன்று. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு, பின்னால் வருகிற அறுவைகளுக்கும் அவர்கள் வந்துபோகும் பேருந்துச் செலவுக்கும் போகிறது. மேற்சொன்ன தாயாருக்கு இடது கண்ணிமையின் அறுவை இன்னும் பாக்கியிருக்கிறது. அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.