ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழ்வழி விளங்கிக்கொள்ளும் முறை

தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத ஒரு பொருளை, நெடுநாள் வழக்கினால் தரும் சொற்றொடரே மரபுத்தொடர் எனப்படும். "அந்தப் பிரச்சினையை அவர் கைகழுவிவிட்டார்" என்று கேட்டதும் எவரும் தண்ணீரைத் தேடுவதில்லை. பொறுப்பிலிருந்து விலகிவிட்டார் என்பதைப் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றுச் சிறுபிள்ளையும் அறியும். இதே அறிவை ஆங்கிலம் படிக்கும்போதும் உடன்கொண்டு செல்பவருக்கு மரபுத்தொடர் அந்நியமாகத் தோன்றாது. பட்டியல்களை மனனம் செய்வது இதற்கு உதவாது என்பதால், அவற்றை ஒதுக்கிவிட்டே கீழுள்ள படிகளைத் தொடங்க வேண்டும்.

1. இடத்தைக் கண்டுகொள்ளல்

சொற்கள் யாவும் தெரிந்திருந்தும் வாக்கியம் சூழலோடு ஒட்டவில்லை எனில், அங்கே மரபுத்தொடர் உண்டெனக் கொள்ள வேண்டும். காய்ச்சலால் பாடசாலைக்கு வராத மாணவியைப் பற்றிய பந்தியில் "அண்டர் த வெதர்" என்று வந்தால், அது வானிலையைக் குறிக்காது. உடல் சுகமில்லை என்பதே பொருள்.

2. ஊகித்த பின் அகராதியைத் திறத்தல்

முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகித்து எழுதிய பின்னரே அகராதியைப் பார்க்க வேண்டும். ஊகிக்காமல் பார்த்த பொருள் மனத்தில் தங்குவதில்லை.

3. தமிழ்த் தொடரோடு ஒப்பிடல்

மாணவர் மிகுதியாக இடறுவது இந்தப் படியிலேயே. உடலுறுப்புகளைக் கொண்ட தொடர்கள் இரு மொழிகளிலும் ஏராளமாக இருப்பதாலும், அவற்றுட் சில முற்றாக ஒத்துப்போவதாலும், எல்லாம் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை எளிதில் உண்டாகிவிடுகிறது. "கிவ் மீ எ ஹேண்ட்" என்பதும் "கைகொடு" என்பதும் உதவி கேட்பனவே. ஆனால் "புல் சம்வன்ஸ் லெக்" என்பதைக் காலை வாருதல் என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் அது நட்போடு கேலிசெய்வதையும், தமிழில் நம்பியவரைக் கவிழ்ப்பதையும் குறிக்கிறது. "கீப் என் ஐ ஒன் மை பைசிக்கிள்" என்று ஒருவர் கேட்பது சைக்கிளைக் கவனித்துக்கொள்ளும்படியாகும். தமிழில் ஒரு பொருளின்மேல் கண்வைப்பதோ அதை அடைய ஆசைப்படுவதாகும். "லோங் ஆர்ம் ஒஃப் த லோ" என்பதில் நீண்ட கை சட்டத்தின் எட்டும் வலிமையைச் சுட்ட, தமிழில் "கை நீளம்" என்பது திருட்டுப் பழக்கத்தைச் சுட்டுகிறது.

ஆகவே சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவதை அறவே விடுத்து, அதே நிலைமையில் வீட்டிலுள்ளவர் என்ன சொல்வார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "சைக்கிள ஒருக்காப் பாத்துக்கங்க" என்பதே மேற்சொன்ன வாக்கியத்துக்குரிய சரியான தமிழ். அதில் கண் என்ற சொல் இல்லாமை ஒரு குறையாகாது. குறிப்பேட்டில் ஆங்கிலத் தொடருக்கு எதிரே இத்தகைய வீட்டு வாக்கியத்தையே எழுத வேண்டும். சொற்பொருளை எழுதவே கூடாது.

4. தொடர் பிறந்த தொழிலை அறிதல்

கிழக்கே கடலும் மேற்கே வாவியும் கொண்ட பெரியகல்லாற்று மாணவருக்கு இந்தப் படி எளிது. "ஹூக், லைன் அண்ட் சிங்கர்" என்பது தூண்டில்முள், தங்கூசி, ஈயம் என்னும் மூன்றுமாகும். மீன் இரையோடு இவை அனைத்தையும் விழுங்கினாற்போல, ஒரு பொய்யை முழுவதுமாக நம்பிவிடுதலை அது குறிக்கும். "பை அண்ட் லாஜ்" என்பது பாய்க்கப்பலில் பிறந்தது: முன்சொல் காற்றுக்கு இயன்றவரை முகங்கொடுத்து ஓடுவதையும், பின்சொல் காற்றைப் பின்புறத்தில் வாங்கி ஓடுவதையும் குறித்தமையால், எந்த நிலைக்கும் பொருந்துவது என்றாகி, "பொதுவாக" என்னும் பொருளைப் பெற்றது. விவிலியமும் இத்தகைய ஊற்றாகும். வெசுலியன் மதகுரு வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கிய காலந்தொட்டு இப்பகுதியில் ஆங்கிலக் கல்வியும் விவிலியமும் அருகருகே இருந்துவருவதால், "ரைட்டிங் ஒன் த வோல்" என்பது தானியேல் நூலில் அரசனின் வீழ்ச்சியை அறிவித்த சுவரெழுத்து என்பதை அயலிலேயே கேட்டறியலாம்.

5. வினையோடு ஒட்டும் சிறுசொற்கள்

"புட் ஒஃப்" என்றால் பிற்போடுதல். "கோல் ஒஃப்" என்றால் இரத்துச்செய்தல். "புட் அப் வித்" என்றால் பொறுத்துக்கொள்ளுதல். அலங்காரத் தொடர்களைவிட இவையே அறிவித்தல்களிலும் கடிதங்களிலும் மிகுதியாக வருவதால், நேரம் குறைந்தவர் இவற்றையே முதலிற் கற்க வேண்டும்.

6. பயன்படுத்தல்

"கைகழுவினான்" என்பதைக் "கரத்தைக் கழுவினான்" என்று மாற்றினால் மரபுப்பொருள் அழிந்துவிடுவதுபோல, ஆங்கிலத் தொடரிலும் ஒரு சொல்லைத்தானும் மாற்றலாகாது. பூனையும் நாயுமாக மழை பொழியும் பழந்தொடரைத் தேர்வுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டும். அது எழுதுபவரின் திறனைவிட மனனத்தையே காட்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு தொடர் போதும். அதுவும் மூன்று வெவ்வேறு இடங்களில் படித்து, மூன்றிலும் வீட்டு வாக்கியம் பொருந்தக் கண்ட தொடராக இருத்தல் வேண்டும்.