படத்தில் எட்டு முகங்கள்

நுழையும் முன்

பள்ளிக்கு வராத மாணவரின் பெயருக்கு எதிரே குறியிடுபவர் ஆசிரியர். ஆசிரியரே வராத நாளைக் குறிப்பவர் யார்? நன்றாகக் கற்பிப்பவரை அறிந்து பாராட்டுவது எவ்வாறு? இராஜஸ்தானிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் இவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சிகளை இப்பாடம் கூறுகிறது.

இராஜஸ்தானின் தென்பகுதியில், ஆரவல்லி மலைகளுக்கு இடையே உதயப்பூர் மாவட்டம் அமைந்துள்ளது. அங்குப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களில் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. அங்கெல்லாம் ஆசிரியர் ஒருவரே. அவர் வரவில்லையெனில் அன்று பள்ளியே இல்லை. நடந்து வந்த குழந்தைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஊர்கள் தொலைவில் இருந்தமையால், மேற்பார்வையாளர் அடிக்கடி சென்று பார்ப்பதும் இயலாததாயிற்று.

2003ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் புதியதோர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஏறத்தாழ 120 பள்ளிகளுள் பாதிப் பள்ளிகள் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டன. அவற்றின் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படக் கருவி வழங்கப்பட்டது. பள்ளி தொடங்கும்போது ஒரு படம், முடியும்போது ஒரு படம். ஆசிரியரையும் மற்றக் குழந்தைகளையும் மாணவர் ஒருவரே படம் எடுப்பார். நாளும் நேரமும் படத்திலேயே பதியும். அவற்றை எவரும் மாற்ற இயலாது. இரு படங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமேனும் கழிந்திருக்க வேண்டும். படத்தில் எட்டுக் குழந்தைகளேனும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது பள்ளி நடந்த நாளாகக் கணக்கிடப்படும்.

மற்றப் பள்ளிகளில் ஆசிரியரின் மாதச் சம்பளம் 1000 ரூபாய். வந்த நாட்கள் கூடினாலும் குறைந்தாலும் அத்தொகை மாறுவதில்லை. கருவி பெற்ற பள்ளிகளிலோ, சம்பளம் 500 ரூபாய்க்குக் குறையாது. பத்து நாட்களுக்கு மேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடும். தவறாமல் வருபவர் ஏறத்தாழ 1300 ரூபாய் வரை பெறலாம்.

இதன் விளைவை எஸ்தர் டஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரையன் என்னும் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குச் சென்று பார்த்தபோது, கருவி இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் நூற்றுக்கு 42. கருவி உள்ள பள்ளிகளில் 21. குழந்தைகளின் கற்றலும் மேம்பட்டது. முறையான பள்ளிகளில் சேரும் தகுதியை அடைந்தோரும் மிகுந்தனர். எனினும், பாதியாகக் குறைந்த பின்னரும் ஐந்து நாட்களுள் ஒரு நாள் அக்கதவு பூட்டியே கிடந்தது என்பதையும் மறத்தலாகாது.

அதே மாவட்டத்தில், அரசுச் செவிலியரின் வருகையைப் பதிவு செய்யவும் இத்தகைய முயற்சி ஒன்று பின்னர் நடைபெற்றது. முதல் சில மாதங்கள் வருகை உயர்ந்தது. நாளடைவில் ‘விலக்களிக்கப்பட்ட நாள்’ என்னும் அனுமதி தாராளமாக வழங்கப்படவே, ஒன்றரை ஆண்டுக்குள் அப்பயன் மறைந்துபோயிற்று. இரு முயற்சிகளிலும் கருவி தன் பணியைச் செய்தது. அது காட்டியதை மதித்துச் சம்பளம் கணக்கிட்டவர்கள் ஓரிடத்தில் இருந்தனர், மற்றோரிடத்தில் இல்லை.

வகுப்பறைக்குள் வந்துவிட்டால் மட்டும் கற்பித்தல் நிகழ்ந்துவிடுமா? ஆந்திரப் பிரதேசத்து ஊரக அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இவ்வினாவைத் தொட்டது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் அதனை நடத்தினர். வருகைக்கன்றி, மாணவர்களின் தேர்ச்சி எவ்வளவு உயர்ந்தது என்பதற்கே அங்கு ஊக்கத்தொகை தரப்பட்டது. மாணவர்கள் எங்கிருந்து தொடங்கினர் என்பது முதலில் அளக்கப்பட்டதனால், பின்தங்கிய மாணவர்களைப் பெற்ற ஆசிரியரும் பரிசு பெற முடிந்தது. இது மிக நேரிய முறை எனலாம். இரண்டு ஆண்டுகளில் அப்பள்ளிகளின் மாணவர்கள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளி மாணவர்களை விஞ்சினர். ஊக்கத்தொகை அறிவிக்கப்படாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட முன்னேற்றம் தெரிந்தது. வியப்பு யாதெனில், ஆசிரியர்களின் வருகை சிறிதும் உயரவில்லை! வந்தவர்கள் கூடுதல் வகுப்புகள் எடுத்தனர், வீட்டுப்பாடம் தந்தனர், பயிற்சித் தேர்வுகள் நடத்தினர். உதயப்பூரிலோ வருகை உயர்ந்தது. வகுப்பறைக்குள் கற்பிக்கும் முறை பெரிதும் மாறவில்லை. எதற்குப் பணம் தரப்பட்டதோ, அதுவே பெருகியது.

வராத ஆசிரியர் அனைவரும் கடமை தவறியவர் அல்லர். தேர்தல் பணிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியர்களையே அரசு அனுப்புகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இவ்விரண்டையும் பேரிடர் நிவாரணத்தையும் தவிர வேறு புறப்பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. தவறாமலும் உரிய நேரத்திலும் பள்ளிக்கு வருதல் ஆசிரியரின் கடமை என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது.

பாராட்டுக்கும் ஒரு வழி உண்டு. தேசிய நல்லாசிரியர் விருது 1958ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. 2018ஆம் ஆண்டு முதல் ஆசிரியர்கள் தாமே விண்ணப்பிக்கலாம் என விதி மாற்றப்பட்டது. அவ்வாண்டு விருது பெற்றோர் 45 பேர். நாட்டிலுள்ள பள்ளி ஆசிரியர்களோ 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குன்றுகளுக்கு நடுவே ஒற்றை அறையில் கற்பிப்பவர் அப்பட்டியலில் இடம்பெறுவது எளிதன்று.

பயிற்சி

1. படத்தில் எட்டுக் குழந்தைகள் இருக்க வேண்டும் என்னும் விதி இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

2. தேர்தல் பணிக்குச் சென்ற ஆசிரியருக்கு அந்த நாளின் 50 ரூபாயைக் குறைக்கலாமா? இரு தரப்பாகப் பிரிந்து உரையாடுக.

3. உங்கள் தாத்தா, பாட்டியின் சொந்த ஊரில் ஓராசிரியர் பள்ளி இருந்ததா? அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுக.

4. உங்கள் ஆசிரியர் ஒருவரை விருதுக்குப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதுக. அவருடைய வருகையையோ மாணவர்களின் மதிப்பெண்ணையோ குறிப்பிடாமல் எழுதுதல் வேண்டும்.