ஊசியா, மாத்திரையா, நாக்குக்கு அடியிலா?

"ரெண்டு நாளா காய்ச்சல் டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்ருங்க" என்று கேட்காத நோயாளி நம் ஊரில் குறைவு. மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தால் கைராசி இல்லாதவர் என்று முடிவுகட்டி அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். ஊசி வீரியம், மாத்திரை மட்டம் என்ற இந்தக் கணக்கு சில மருந்துகளில் சரி, பல மருந்துகளில் தப்பு. எதில் எது என்பதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் தீர்மானிக்கிறது.

விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் உடம்பெங்கும் பரவிவிடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் மருந்தில் ஒரு பங்கைச் சிதைத்துவிட்டு மிச்சத்தைத்தான் இதயத்தின் பக்கம் விடுகின்றன. சுங்கச்சாவடி போலத்தான்: சில மருந்துகள் சும்மா தாண்டிப் போகும், சிலவற்றிடம் முக்கால்வாசி பிடுங்கப்படும். கடைசியில் ரத்தத்தில் சேரும் பங்குக்குப் பெயர் பயோஅவைலபிலிட்டி. நரம்பில் ஏற்றும் ஊசிக்கு அது 100 சதவீதம்.

சும்மா தாண்டிப் போகிறவற்றைப் பார்ப்போம். லீவோஃப்ளாக்சசின், லினிசோலிட் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் விழுங்கினாலும் கிட்டத்தட்ட முழுதாக ரத்தத்தில் சேரும். லினிசோலிட் டிரிப்பில் 600 மில்லிகிராம் என்றால் மாத்திரையிலும் அதே 600தான். பாராசிட்டமாலும் பெரும்பங்கு சேர்ந்துவிடும். வாந்தி இல்லாமல் சாப்பிட முடிகிறவர் சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி கேட்பதில் லாபம் இல்லை. கூடவே இன்னொரு நம்பிக்கை: டைக்ளோஃபினாக்கை ஊசியாகப் போட்டால் வயிறு புண்ணாகாதாம். ஆகும். அந்த மருந்து எந்த வழியில் ரத்தத்துக்கு வந்தாலும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கத்தான் செய்யும்.

பிடுங்கப்படும் மருந்துகளில்தான் சுவாரசியம். நெஞ்சுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்து வீட்டில் வைத்திருக்கும் சார்பிட்ரேட், அதாவது ஐசோசார்பைட் டைநைட்ரேட், கல்லீரலில் பெருமளவு அழிகிறது. நாக்குக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களோ கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகின்றன. எனவே வலி வந்ததும் உட்கார்ந்துகொண்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். தண்ணீர் ஊற்றி விழுங்கினால் வேலை தொடங்க நேரமாகும், பங்கும் குறையும். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். இதன் நெருங்கிய உறவான மோனோநைட்ரேட்டைக் கல்லீரல் முதல் சுற்றில் தொடுவதே இல்லை. ஆகவே அதைத் தினமும் விழுங்கலாம். ஆனால் திடீர் வலிக்கு அது ஆகாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறும்போது அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஊசியில் 10 மில்லிகிராம் என்றால் வாய்வழி 30. "டோஸை ஏத்திட்டாங்களே" என்று குடும்பத்தார் பதறுவார்கள். ஏற்றவில்லை, கல்லீரல் எடுத்துக்கொள்வதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மறுபக்கம் கணக்கு தவறி 30ஐ அப்படியே ஊசியில் போட்டால் மூச்சே அடங்கிவிடலாம்.

ஆஸ்துமாவில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்ஹேலர்தான். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். இன்ஹேலரில் இரண்டு தடவை இழுத்தால் 0.2 மில்லிகிராம். இருபதில் ஒரு பங்கு மருந்து நேராக மூச்சுக்குழாயில் வேலை செய்கிறது, மாத்திரையில் வரும் கைநடுக்கமும் படபடப்பும் குறைவு. இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் வீண். பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போகும் பங்கில் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரலே அழித்துவிடுகிறது. இங்கே அது நம் கட்சி.

ஆசனவாய் வழி வைக்கும் மருந்து பாதி வழியில் நிற்கிறது: கீழ்ப்பகுதி ரத்தம் கல்லீரலைத் தவிர்க்கும், மேற்பகுதி ரத்தம் தவிர்க்காது. வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் கைகொடுக்கும், ஆனால் சேரும் அளவு ஒரே சீராக இருக்காது.

பி12 கதை வேறு, அங்கே தடை கல்லீரல் அல்ல, குடல். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் உறிஞ்சும் திறன் கெட்டவருக்கும் சுமார் 1 சதவீதம், அதாவது 10 மைக்ரோகிராம், தானாகவே கசிந்து உள்ளே போகும். ஒரு நாளைய தேவை இரண்டு, இரண்டரைதான். கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம் இருந்தால் ஊசியில் தொடங்குவதே முறை. மற்றவர்கள் மாத்திரை போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இன்சுலின், ஜென்டாமைசின் இரண்டிலும் கேள்விக்கே இடமில்லை. முன்னது வயிற்றில் செரித்துவிடும், பின்னது குடலில் உறிஞ்சப்படாது.

கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்தச் சிதைவு குறைவதால் புரோப்ரனலால் போன்ற மருந்து வழக்கமான அளவிலேயே அதிகமாக ரத்தத்தில் ஏறும். அதே விளைவைப் பழமும் செய்யும். கிரேப்ஃப்ரூட் சாறு ஃபெலோடிபின் அளவை ஏற்றிவிடுவதை 1989இல் கனடாவில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். குடல் சுவரின் நொதியை முடக்கும் அதே வகைப் பொருள்கள் நம் பம்பளிமாசிலும் உண்டு. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்து வைத்தும் பயனில்லை, ஒரு நாளுக்கு மேலும் அதன் விளைவு நிற்கும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டினோ, ரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிபினோ சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாசுக்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.